எஃகின் மெல்லிய கவசம்

எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்துள்ளது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகி எஃகைத் துருவிலிருந்து காக்கிறது. எனினும், இவ்வெஃகு உராய்ந்தால் தேயும். எனவே, பம்பு, வால்வு போன்றவற்றின் உறுப்புகளைச் சூடாக்கி, மேற்பரப்பில் நைட்ரஜனை ஊடுருவச் செய்து கடினமாக்குகின்றனர். இம்முறையே ‘நைட்ரைடிங்’ ஆகும்.

இதில் வெப்பநிலை மிக முக்கியம். 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், குரோமியம் நைட்ரஜனுடன் இணைந்துவிடும். காப்புப் படலம் உருவாகப் போதிய குரோமியம் எஞ்சாது. உறுப்பு கடினமாகும், ஆனால், எளிதில் துருப்பிடிக்கும். மாறாக, ஏறத்தாழ 400 பாகையில் பல மணி நேரம் பொறுமையாகச் செய்தால், நைட்ரஜன் எஃகினுள் கரைந்து நிற்கும். குரோமியமும் தன் பணியைத் தொடரும். இதனால், எஃகு உறுதியும் பெறும், துருவையும் எதிர்க்கும்.