தண்டின் அடியைப் பாருங்கள்

டீயைக் குடியுங்கள் தம்பி, மருந்துக் கடை எங்கேயும் ஓடிப்போகாது. பிடுங்கி வந்த தக்காளி நாற்றை முதலில் இப்படிக் கொடுங்கள். இலை பச்சையாகத்தான் இருக்கிறது. மண்ணை ஒட்டிய தண்டைப் பாருங்கள்: வெந்நீர் பட்டதுபோல் வெந்து, ஊறி, இளைத்துவிட்டது. நகத்தால் லேசாக அழுத்தினாலே தோல் கழன்று வருகிறது. நேற்று நிமிர்ந்து நின்றது இன்று காலையில் சாய்ந்ததற்குக் காரணம் இதுதான். நாற்றழுகல்.

பாத்தியில் இது ஓர் இடத்தில் தொடங்கித் திட்டுத் திட்டாகப் பரவும். முளைப்பே சரியில்லை என்றால் விதையைக் குறை சொல்லுமுன் அந்த இடத்தைக் கிளறிப் பாருங்கள். முளை மண்ணுக்குள்ளேயே அழுகியிருந்தால் அதுவும் இதே நோய்தான்.

பெரும்பாலும் இதைச் செய்வது பித்தியம். பூஞ்சாணம் என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது பாசி இனத்துக்கு நெருங்கிய சொந்தம். பிகாரின் பூசாவில் இருந்த தாவர நோய் ஆய்வாளர் ஈ.ஜே. பட்லர் பித்தியத்தைப் பற்றி 1907லேயே விரிவாக எழுதியிருக்கிறார். அதன் வித்துகளுக்கு வால் போன்ற இழைகள் உண்டு. மண்ணில் தேங்கிய நீரில் நீந்தியே அடுத்த நாற்றுக்குப் போய்விடும். நெல் நாற்றங்காலில் தண்ணீர் கட்டிப் பழகிய கை நம்முடையது. கண்டமங்கலம் பக்கம் தக்காளி நாற்று சாவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பழக்கம்தான் என்பேன். ஐப்பசி, கார்த்திகை மழை வேறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியதே, அப்படி ஒரு மழையில் தட்டைப் பாத்தி என்ன ஆகும்?

அதனால் பாத்தி 15 செ.மீ.யாவது உயர்ந்திருக்க வேண்டும். விதையை அள்ளித் தெளிக்காமல் 10 செ.மீ. இடைவெளியில் கோடு போட்டு விதையுங்கள். நெருக்கம் இருந்தால் அடித்தண்டு காயாது. மூடிய வைக்கோலை முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் காலையில், பூவாளியில். சொந்த விதை என்றால் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் கலந்து மறுநாள் விதைக்கலாம். பாக்கெட்டில் வரும் வீரிய ஒட்டு விதை சாயம் பூசியிருந்தால் அதில் ஏற்கெனவே பூஞ்சாணக்கொல்லி இருக்கும். அப்போது டிரைக்கோடெர்மாவை விதையில் கலக்காமல் மக்கிய தொழுவுரத்தில் கலந்து மண்ணில் இடுங்கள்.

இப்போது உங்கள் பாத்திக்கு வருவோம். சாய்ந்ததை எழுப்ப எந்த மருந்தும் கிடையாது. அவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். வாய்க்காலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நிற்பவற்றைக் காப்பாற்ற லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து, மண் நனைய ஊற்றுங்கள். அந்தச் சமயத்தில் டிரைக்கோடெர்மா வேண்டாம், தாமிரம் அதைக் கெடுத்துவிடும்.

இலை மேல்நோக்கிச் சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, நாற்று குட்டையாக நின்றால் அது வேறு சங்கதி. வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு வைரஸ். அதற்குத் தாமிரம் ஊற்றுவது வீண் செலவு. விதைத்த அன்றே நெருக்கமான நைலான் வலையால் பாத்தியை மூடி, ஓரத்தை மண்ணில் புதைத்துவிட வேண்டும்.

இரண்டிலும் சேராத மாதிரி தெரிந்தால் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். வேரைக் கழுவாமல், மண்ணோடு பெயர்த்துக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பாலித்தீன் பையில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் நல்ல நாற்றும் அழுகிவிடும்.