ஏரிக்கு யார் உரம் போட்டது?
பச்சைத் தண்ணீருக்குள் பதுங்கும் நஞ்சு

குன்னூரில் மலை ரெயில் ஏறினால் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் தாண்டி ஊட்டி வந்துவிடும். வழியெங்கும் தேயிலை, கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள். ஊட்டியில் இறங்குகிறவர்கள் ஆசையோடு தேடிப் போவது ஏரியை.

ஏரித் தண்ணீர் பச்சையாகத் தெரிகிறது. மரங்களின் நிழல் மட்டும் காரணமல்ல. பாசியும் காரணம்!

சல்லிவன் கட்டிய ஏரி

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலை ஓடைகளை மறித்து இந்த ஏரியைக் கட்டினார். 1823-ல் தொடங்கிய வேலை 1825-ல் முடிந்தது. பிறகு ஊர் பெருத்தது, ஏரி சுருங்கியது. பஸ் நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் அமைந்த இடம் ஒரு காலத்தில் தண்ணீர்!

கோடப்பமந்து கால்வாய் நகரத்துக் கழிவுநீரையும் சுமந்துவந்து ஏரியில் கொட்டியது. ஆகாயத்தாமரை படர்ந்தது. எடுக்க எடுக்க மீண்டும் முளைத்தது.

பாசியின் சாப்பாடு

தோட்டத்துக்கு உரம் போட்டால் பயிர் வளர்கிறது. அதே சத்து ஏரிக்குப் போனால் பாசி வளர்கிறது. சாக்கடையிலும் சில சோப்புத் தூள்களிலும் மணிச்சத்து இருக்கிறது. உரத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. பெருமழை பெய்தால் மலைச்சரிவு மண்ணோடு உரமும் கரைந்து ஓடிவிடும்.

1973-ல் கனடாவில் விஞ்ஞானிகள் ஓர் ஏரியின் குறுக்கே திரை கட்டினார்கள். இரண்டு பக்கமும் தழைச்சத்தும் கரிச்சத்தும் போட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மணிச்சத்தும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது!

கொதித்தாலும் போகாது

எல்லாப் பாசியும் நஞ்சல்ல. நீலப்பச்சைப் பாசியில் சில வகைதான் ஆபத்து. எது நஞ்சு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் பாசி படர்ந்த ஏரி நீரைக் குடித்த கால்நடைகள் மாண்ட செய்தி 1878-லேயே வெளிவந்தது.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரக் குழாய்த் தண்ணீரில் இந்த நஞ்சு கலந்தது. சுமார் 4 லட்சம் பேருக்கு, “குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள்” என்று எச்சரிக்கை வந்தது. கொதித்தால் தண்ணீர்தான் வற்றும். நஞ்சு அப்படியே இருக்கும்! அது ஈரலைக் கெடுக்கும்.

பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும்.

தெளிந்த ஏரி

பரிகாரம் உண்டா? உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் பக்கத்தில் வாஷிங்டன் ஏரி இருக்கிறது. 1955-ல் அங்கே நீலப்பச்சைப் பாசி தலைகாட்டியது. ஏரியில் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968-க்குள் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளில் ஏரி தெளிந்துவிட்டது!

பாசியை வாரிக் கொட்டினால் மட்டும் போதாது. அதன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். அடியில் தங்கிய சேறும் பல காலம் சத்தைக் கக்கும். ஆகவே பொறுமையும் வேண்டும்.

குன்னூருக்குக் குடிநீர் தரும் ரேலியா அணைக்கும் இதே விதிதான். வீட்டுக் கழிவை ஓடையில் விடக்கூடாது. மழை வரும் நேரத்தில் உரம் போடக்கூடாது. பச்சை ஏடு மிதக்கும் நீரில் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் இறங்க விடக்கூடாது.

மலையில் விட்ட கழிவு மலையோடு போய்விடாது. கீழே யாரோ ஒருவர் குடத்தில் வந்து சேரும்!