வெட்டிய அட்டையும் வெட்டுப்படாத கணக்கும்

சங்கப் பணியின் பொருட்டுப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குச் சென்றிருந்தபோது, மீன் வியாபாரம் செய்யும் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். சங்கத்தின் பழைய அங்கத்தினர், தவணை தவறாதவர். பருவமழைக் காலத்து இறால் பாட்டிற்கு முன்னதாக, டீசல், ஐஸ், கூலி முதலிய நடைமுறைச் செலவிற்கென ஒரு பாங்கில் கிசான் கிரெடிட் கார்டுக் கடன் கோரியிருந்தார். அவர் பெயரில் பழைய பாக்கி ஒன்று நிற்பதாகக் கூறி விண்ணப்பத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

“நான் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்கவில்லையே, ஐயா!” என்றார் அவர்.

விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. மூன்றாண்டுகளுக்கு முன் ஐஸ் பெட்டி வாங்கச் சென்ற கடையில், “இந்த அட்டையை எடுத்துக்கொண்டால் விலையில் தள்ளுபடி உண்டு” என்று சொல்லி, கடையின் பெயர் பொறித்துப் பாங்கு ஒன்று வழங்கும் கடன் அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியின் கிரயத்தை அம்மையார் உரிய நாளில் கட்டித் தீர்த்தார். பிறகு அட்டையைத் தொடவேயில்லை. ஒருநாள் அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தார். அத்துடன் கணக்கு முடிந்தது என்பது அவர் எண்ணம்.

கணக்கு முடியவில்லை. முதலாண்டு இலவசமாயிருந்த அட்டைக்கு இரண்டாம் ஆண்டில் ரூ. 500 கட்டணம் விழுந்தது. 18 சதவிகித வரியுடன் ரூ. 590. அதன்மேல் வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறின. அறிவிப்புகளோ, அவர் எப்போதோ கைவிட்ட பழைய தொலைபேசி எண்ணுக்குச் சென்றுகொண்டிருந்தன.

பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்னும் பழைய முறை உண்டு. ஏரியில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. எவருக்கு எந்த இடம் என்பதை ஊரே அறியும். ஆனால் நம் பெயரில் இன்னொரு பதிவேடும் இருக்கிறது. நாம் வாங்கும் கடன்களையும் அட்டைகளையும், அவற்றை நாம் செலுத்தும் ஒழுங்கையும் பாங்குகள் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கின்றன. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம் நாட்டில் இத்தகைய நிறுவனங்கள் நான்கு உள்ளன. அவை நமக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றன. கடன் கேட்டுச் செல்லும்போது பாங்கு முதலில் புரட்டுவது இப்பதிவேட்டைத்தான்.

ஆகவே, உபயோகியாத அட்டையை முறைப்படி மூடுவதா, வைத்திருப்பதா என்று தீர்மானித்தே ஆகவேண்டும். தீர்மானியாமல் விட்டுவிடுவதுதான் தவறு. இதற்கு நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும்.

முதலாவது, அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் உண்டா? கட்டணம் உண்டு, உபயோகம் இல்லை எனின் அதை வைத்திருக்க நியாயமில்லை.

இரண்டாவது, வேறு அட்டை உபயோகத்தில் இருக்கிறதா? ஒருவரிடம் ரூ. 20,000 வரம்புள்ள அட்டைகள் இரண்டு இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் ரூ. 10,000 செலவிடுகிறார், மற்றது சும்மா இருக்கிறது. மொத்த வரம்பில் அவர் உபயோகிப்பது 25 சதவிகிதம். சும்மா இருப்பதை மூடிவிட்டால் அதே செலவு 50 சதவிகிதமாகத் தோன்றும். இவ்விகிதம் உயர்ந்தால் மதிப்பெண் குறையக்கூடும். எனவே பெருங்கடன் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் தறுவாயில், கட்டணமில்லாத அட்டையை அவசரப்பட்டு மூடவேண்டாம். கடன் மஞ்சூரான பின் மூடலாம். மூடினால் பழைய நற்பெயர் அழிந்துபோகுமோ என்ற அச்சமும் வேண்டாம். ஒழுங்காகச் செலுத்தி மூடிய கணக்கின் விவரம் பதிவேட்டிலிருந்து உடனே மறைந்துவிடுவதில்லை.

மூன்றாவது, அட்டை கையிலிருந்தால் மனம் கட்டுப்படுமா? இங்கிலாந்தில் ரோச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு, நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியபோது, ரொக்கத்துக்கே விற்பனை என்பதை ஒரு விதியாகக் கொண்டனர். கடைக் கடனில் மூழ்கிய குடும்பங்களை அவர்கள் கண்டிருந்தார்கள். கூட்டுறவு கடனுக்கே பகை என்பதன்று. நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904-ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிற்று. தொழிலுக்கு வாங்கும் கடன் வேறு, கடையில் கைநீட்டி வாங்கும் கடன் வேறு. மீனவருக்கான கிசான் கிரெடிட் கார்டில் ரூ. 2 லட்சம் வரை வட்டி 7 சதவிகிதம்; தவணை தவறாதவர்க்கு 4 சதவிகிதமே. கடன் அட்டைப் பாக்கிக்கோ பல பாங்குகள் மாதத்துக்கே 3 சதவிகிதத்துக்குமேல் வசூலிக்கின்றன. இரண்டாவதன் பாக்கியால் முதலாவதை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

மூடுவதென்று தீர்மானித்தால் அதற்கு ஒழுங்கான வழி உண்டு. முதலில் நிலுவை முழுவதையும் செலுத்தி ரசீது பெறுக. மாதந்தோறும் அந்த அட்டையிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு ஏதேனும் இருந்தால் அதனை நிறுத்துக. பின்னர் கணக்கை மூடுமாறு தொலைபேசி, மின்னஞ்சல் அல்லது பாங்கின் இணையதளம் வழியே கோரிக்கை விடுத்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்க. ரிசர்வ் பாங்கு 2022-ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, நிலுவை இல்லாத கணக்கை 7 வேலை நாட்களுக்குள் மூடவேண்டும். தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு ரூ. 500 அட்டைதாரருக்குத் தரவேண்டும். ஓராண்டுக்குமேல் உபயோகியாத அட்டையை, அறிவித்து 30 நாட்களுக்குள் பதில் வராவிடில் பாங்கே மூடவேண்டும் என்பதும் விதி. ஆனால் நிலுவை தீர்ந்திருந்தால்தான் மூடுவர். ஆதலின் அதை நம்பிச் சும்மா இருத்தல் ஆகாது.

நிலுவையில்லை என்னும் கடிதத்தைப் பெற்றுப் பத்திரப்படுத்துக. அதன்பின் கடன் அறிக்கையை வரவழைத்துப் பார்க்கவேண்டும். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகவே முழு அறிக்கை தருகின்றன. பிழை கண்டு முறையிட்டால் 30 நாட்களுக்குள் திருத்தவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு உண்டு.

அட்டையை வைத்திருப்பதென்று தீர்மானிப்போர், தம் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் பாங்கில் சரியாகப் பதிந்து வைத்து, மாதக் கணக்கைத் தவறாமல் பார்த்துவரவேண்டும்.

அம்மையார் நிலுவையைக் கட்டினார்; கடிதம் வந்தது; பதிவேடும் திருத்தப்பட்டது. ஆனால் அதற்குள் இறால் பருவம் பாதி கழிந்துவிட்டது. செலவுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே இறாலைக் கொடுக்க நேர்ந்தது. ரூ. 590-இல் தொடங்கிய பாக்கி ஒரு பருவத்தின் ஆதாயத்தைக் கொண்டுபோயிற்று.

கடனிலும் நெருப்பிலும் மிச்சம் வைக்கலாகாது என்பர் பெரியோர். தறியிலோ வயலிலோ ஏரியிலோ பாடுபடும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றே வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பாராக. மறந்துபோன அட்டை ஒன்று அடியில் கிடக்கக்கூடும். கத்தரிக்கோலைத் தேடவேண்டாம், அட்டையை எடுத்துக்கொண்டு சங்கச் செயலாளரிடம் சென்று ஆலோசனை கேளுங்கள்.