கொடைக்கானலில் கொட்டும் உறைபனி... ஏரியில் ஐஸ் ஹாக்கி ஆட முடியுமா? ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப் முதல் சிம்லா மைதானம் வரை - முழு விளக்கம்

டிசம்பர் வந்தாலே போதும், கொடைக்கானல் வீடியோக்கள் போனில் வரிசைகட்டி வந்துவிடும். புல்வெளி முழுக்க வெள்ளை வெளேர்னு உறைபனி, கார் கண்ணாடி மேல் விரலால் எழுதிய பெயர், கூடவே 'இது கொடைக்கானலா, காஷ்மீரா?' என்ற கேள்வி.

இதே டிசம்பரில்தான் உலகின் பெரிய ஜூனியர் ஐஸ் ஹாக்கி தொடரும் நடக்கிறது. 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகச் சாம்பியன்ஷிப் 2025 டிசம்பர் 26-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில் தொடங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், கொடைக்கானலில் இருந்து சுமார் 120 கி.மீ. தூரத்தில் உள்ள மதுரையிலும், சென்னையிலும் ஆண்கள் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை நடந்து முடிந்திருந்தது.

மதுரையில் ஹாக்கி நடக்குது, பக்கத்து மலையில் பனி கொட்டுது. அப்போ இரண்டையும் சேர்த்து கொடைக்கானலில் ஐஸ் ஹாக்கி ஆட முடியாதா? விளையாட்டாகக் கேட்கிற கேள்விதான். ஆனால் பதில் தேடிப் போனால் அறிவியல், விவசாயம், இந்திய விளையாட்டின் நிலைமை என எல்லாமே உள்ளே வருகிறது. விரிவாகப் பார்க்கலாம்.

மதுரையில் நடந்தது எந்த ஹாக்கி?

அது நமக்கு நன்றாகத் தெரிந்த, செயற்கைப் புல்தரையில் ஆடும் ஹாக்கி. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை நடந்த அந்தத் தொடரில் முதல்முறையாக 24 அணிகள் ஆடின. இறுதிப்போட்டியில் ஸ்பெயினை ஷூட் அவுட்டில் வீழ்த்தி ஜெர்மனி கோப்பையை வென்றது. இந்தியா, அர்ஜென்டினாவுக்கு எதிராக 0-2 எனப் பின்தங்கியிருந்து, கடைசியில் 4-2 என வென்று வெண்கலம் வாங்கியது.

ஐஸ் ஹாக்கி எப்படி வேறுபடுகிறது?

ஆட்ட நேரம் இரண்டுக்கும் 60 நிமிடம்தான். புல்தரை ஹாக்கியில் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. ஐஸ் ஹாக்கியில் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி.

அங்கே ஒரு அணிக்கு 11 பேர். இங்கே கோல் கீப்பரோடு சேர்த்து 6 பேர்தான். ஆனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் முக்கால் நிமிடம் முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியே போவார், அடுத்தவர் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிப்பார்.

பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் தட்டையான ரப்பர் வட்டு. அகலம் ஏழரை சென்டிமீட்டர், கனம் இரண்டரை சென்டிமீட்டர். எடை சுமார் 160 கிராம், கிட்டத்தட்ட ஹாக்கி பந்தின் எடையேதான். ஐஸ் மேல் துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக, ஆட்டத்துக்கு முன் இதை உறைய வைத்து எடுத்து வருவார்கள். தவறு செய்யும் வீரர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அதுவரை அந்த அணி ஒரு ஆள் குறைவாகத்தான் ஆட முடியும்.

ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப் எப்படி நடக்கிறது?

சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு 1977 முதல் அதிகாரபூர்வமாக நடத்தும் தொடர் இது. உயர் பிரிவில் 10 அணிகள். ஐந்து ஐந்தாக இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் நான்கு அணிகள் காலிறுதிக்குப் போகும். கடைசி இடம் பிடித்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஒரு ஆட்டம் ஆட வேண்டும். அதில் தோற்பவர் அடுத்த ஆண்டு கீழ்ப் பிரிவுக்கு இறக்கம். அங்கிருந்து வென்று வருபவருக்கு ஏற்றம்.

அதிக முறை வென்றது கனடா. அங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குடும்பத்தோடு உட்கார்ந்து இந்த ஆட்டங்களைப் பார்ப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நம்ம ஊரில் பொங்கல் என்றால் ஜல்லிக்கட்டு பார்ப்பது மாதிரி. ஆனால் 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் கனடா காலிறுதியில் செக் அணியிடம் தோற்று வெளியேறியது. 2025-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த இறுதிப்போட்டியில் பின்லாந்தை கூடுதல் நேரத்தில் 4-3 என அமெரிக்கா வீழ்த்தியது.

இந்தியா 1989-லேயே இந்தக் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது. ஆனால் ஜூனியர் உயர் பிரிவில் இதுவரை ஒருமுறைகூட ஆடியதில்லை. ஏன் என்று கடைசியில் பார்ப்போம்.

சரி, கொடைக்கானலில் விழுவது பனியா, ஐஸா?

முதலில் ஒரு தெளிவு. கொடைக்கானலில் வானத்தில் இருந்து பனி விழுவதில்லை. நாம் பார்ப்பது உறைபனி. அது தரையிலேயே உருவாகிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு இரவு வானம் மேகமில்லாமல் இருக்கும். மேகம் ஒரு போர்வை மாதிரி. அது இல்லாவிட்டால் தரை தன் வெப்பத்தை எல்லாம் வானத்துக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். அப்போது புல்நுனியின் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். காற்றில் உள்ள ஈரம் அந்தப் புல் மேல் நேரடியாகப் பனித்துகளாகப் படியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தெர்மாமீட்டரை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்துத்தான் காற்றின் வெப்பநிலையை அளப்பார்கள். அது 3 டிகிரி, 4 டிகிரி என்று காட்டும்போதே காலடியில் புல் உறைந்திருக்கும். 'மைனஸ் போகலையே, அப்புறம் எப்படி உறைபனி?' என்று குழம்புவோருக்கு இதுதான் பதில்.

அப்போ ஏரி ஏன் உறைவதில்லை?

கொடைக்கானல் ஏரி 1863-ல் மனிதர்கள் உருவாக்கிய ஏரி. பரப்பு சுமார் 60 ஏக்கர். புல்நுனி சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடும், ஏரி அப்படி இல்லை.

தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கும். மேற்பரப்பு நீர் குளிர்ந்தால் கனமாகி அடியில் போகும், அடியில் இருக்கும் வெதுவெதுப்பான நீர் மேலே வரும். இப்படி ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேற்பரப்பு உறையவே ஆரம்பிக்கும். அதற்கு ஒரு இரவு போதாது. வாரக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும்.

கொடைக்கானலில் அதற்கு வாய்ப்பில்லை. ஜனவரியில் சராசரியாகப் பகலில் 17 டிகிரி, இரவில் 8 டிகிரி. காலை வெயில் ஏறினால் உறைபனியே அரை மணி, ஒரு மணி நேரத்தில் காணாமல் போய்விடும். ஒரு ஆள் பத்திரமாக நிற்கவே ஐஸ் சுமார் 10 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும். அதனால் கொடைக்கானல் ஏரி எப்போதுமே படகுக்குத்தான்.

சிம்லாவில் மட்டும் எப்படி முடிகிறது?

இங்கேதான் சுவாரஸ்யம். சிம்லாவின் உயரம் சுமார் 2,200 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஏறக்குறைய ஒரே உயரம். ஆனால் சிம்லாவில் 1920 முதல் இயற்கையான ஐஸ் ஸ்கேட்டிங் மைதானம் இருக்கிறது.

வித்தியாசம் உயரத்தில் இல்லை, அட்சரேகையில் இருக்கிறது. கொடைக்கானல் 10 டிகிரி வடக்கில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். சிம்லா 31 டிகிரியில். குளிர்காலத்தில் அங்கே சூரியன் சாய்வாக வரும், பகல் நேரமும் குறைவு. மைதானம் மலை நிழலில் இருப்பதால் வெயில் அதிகம் படாது. இரவில் மெல்லிசாகத் தண்ணீர் பாய்ச்சி உறைய விடுவார்கள். பகலில் அது முழுசாக உருகாது. அடுத்த இரவு இன்னொரு அடுக்கு. இப்படியே ஐஸ் கனமாகும். கொடைக்கானலில் இதைச் செய்தால் இரவு உறைந்தது காலை டீ குடிப்பதற்குள் உருகிவிடும்.

லடாக்கின் லே நகரம் இன்னும் ஒரு படி மேல். உயரம் சுமார் 3,500 மீட்டர், 34 டிகிரி வடக்கு. அங்கே குளங்களே உறைந்து மைதானமாகிவிடும். இந்திய ஐஸ் ஹாக்கி அணிகளின் முதுகெலும்பு அந்தக் குளங்களில் ஆடி வளர்ந்த லடாக் பிள்ளைகளும், அங்கே பணியாற்றும் ராணுவம் மற்றும் இந்தோ திபெத் எல்லைக் காவல் படை வீரர்களும்தான்.

இதில் என்ன கவலை?

குளிர்காலம் வெதுவெதுப்பாகிக்கொண்டே வருகிறது. சிம்லாவில் முன்பு மாதக்கணக்கில் ஸ்கேட்டிங் நடந்த இடத்தில், இப்போது பல ஆண்டுகளில் நாட்களை எண்ண வேண்டியிருக்கிறது. லடாக்கிலும் இயற்கை ஐஸ் கிடைப்பது வருடத்துக்கு இரண்டு மாதம் அளவுக்குத்தான். கனடாவிலோ பின்லாந்திலோ ஒரு 15 வயதுப் பையன் வருடம் முழுக்கப் பயிற்சி எடுக்கிறான். லே பையனுக்குக் கிடைப்பது இரண்டு மாதம். திறமை சமமாகவே இருந்தாலும் இந்த இடைவெளியை எப்படித் தாண்டுவது?

ஜூனியர் உயர் பிரிவில் இந்தியா இல்லாததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

தீர்வு, கூரை போட்ட செயற்கை ஐஸ் மைதானம். கான்கிரீட் தளத்துக்குள் குழாய்கள் பதித்து, உறையாத குளிர் திரவத்தை ஓட்டி, மேலே தண்ணீர் தெளித்து உறைய வைப்பார்கள். ஒரு கணக்கு பாருங்கள். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் கனம் என்றால் தேவைப்படும் தண்ணீர் சுமார் 54,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நாலரை லோடு, அவ்வளவுதான். பிரச்சினை தண்ணீர் இல்லை, இரவு பகலாக அதை உறைந்த நிலையில் வைத்திருக்கும் கரண்ட் பில்தான்.

டேராடூனில் 2011-ல் தயாரான ஹிமாத்ரி ஐஸ் ரிங்க் இதற்கு உதாரணம். சர்வதேச அளவிலான அந்த உள்ளரங்கு பல ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2025-ல்தான் மீண்டும் திறக்கப்பட்டு, ஆகஸ்டில் ஆசிய அளவிலான ஸ்கேட்டிங் போட்டி நடந்தது.

இத்தனை தடைக்கு நடுவிலும், 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய மகளிர் அணி வெண்கலம் வென்றது. அந்த அணியில் பெரும்பாலானோர் லடாக், ஹிமாச்சல் பகுதிப் பெண்கள்.

கொடைக்கானலுக்கு உறைபனி கொண்டாட்டம் மட்டுமா?

இல்லை. சுற்றுலா வந்தவர்களுக்கு அது செல்ஃபி. மன்னவனூர், பூம்பாறை பக்கம் காய்கறி போட்டவருக்கு அது நஷ்டம். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் செல்கள் கிழிந்துவிடும். வெயில் பட்டதும் இலை கருகியதுபோல் ஆகிவிடும். உருளைக்கிழங்கு, பீன்ஸ் போன்ற பயிர்களுக்கு இது பெரிய அடி. அதனால்தான் மலை விவசாயிகள் விடியும் முன்பே எழுந்து பயிருக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள், நாற்றுகளை மூடி வைக்கிறார்கள். அடுத்த முறை போட்டோ எடுக்க வயலுக்குள் இறங்கும் முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஐஸ் இல்லாவிட்டால் சக்கரம். ஒரே வரிசையில் சக்கரம் உள்ள இன்லைன் ஸ்கேட்டிங்கில் உடல் சமநிலை, தள்ளும் முறை, திருப்பம் எல்லாம் ஐஸ் ஸ்கேட்டிங்குக்கு மிக நெருக்கம். இன்லைனில் தொடங்கி ஐஸுக்கு மாறி ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள் உலகில் உண்டு.

இதில் தமிழ்நாடு ஒன்றும் பின்தங்கி இல்லை. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் நடந்த ஸ்பீடு ஸ்கேட்டிங் உலகச் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றார். ஐஸ் இல்லாத, வெயில் கொளுத்தும் ஊரில் இருந்து போனவர் அவர்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கொடைக்கானல் வீடியோவைப் பார்த்துவிட்டு 'எனக்கும் ஐஸ் ஹாக்கி கத்துக்கணும்' என்று கேட்டால் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். ஹெல்மெட், முழங்கால் கவசம், முழங்கை கவசம் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உள்ள ஸ்கேட்டிங் மைதானத்தில் சேர்த்துவிடுங்கள். கொடைக்கானல் ஏரி உறையப் போவதில்லை. ஆனால் அதற்காக அந்தப் பிள்ளை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.