உட்காருவது சலுகை அல்ல, சட்டம்

ஜவுளிக்கடையில் புடவை பார்க்கப் போகும் நமக்கு ஸ்டூல் உண்டு. விரித்துக் காட்டுபவருக்கு?

காலையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கத் தொடங்குபவர், சாப்பாட்டு நேரம் போக இரவுவரை நிற்பது பல கடைகளில் வழக்கம். கூட்டம் இல்லாதபோது உட்கார்ந்தாலும் சூப்பர்வைசர் முறைப்பார். கேமரா பயம் வேறு. இந்த வழக்கத்தை மாற்றத்தான் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018-லேயே உட்காரும் உரிமையைப் பெற்றிருந்தார்கள்.

நின்றுகொண்டே இருந்தால்...

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அது சரியாக நடக்காது. ரத்தம் காலில் தேங்கும், மாலையில் பாதம் வீங்கும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் ரத்தநாளம் சுருண்டு புடைக்கும் வெரிகோஸ் வெயின் வரலாம். இடுப்பு, முழங்கால், குதிகால் வலி தனி. மேல் தட்டிலிருந்து துணிக்கட்டுகளை எட்டி எடுப்பதால் தோளும் வலிக்கும்.

முதலாளியின் கடமை

வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார, பணியாளர் அனைவருக்கும் ஏற்ற இருக்கை வேண்டும் என்கிறது 22-ஏ. கிடங்கில் நாலு நாற்காலி போட்டுக் கணக்குக் காட்டினால் அந்த நோக்கம் நிறைவேறாது. நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான், கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் உட்கார முடியும். கடைப் பணியாளரைத் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பதும் இதே சட்டம்தான்.

மறுத்தால்?

தொழிலாளர் உதவி ஆய்வாளரிடமோ, மாவட்டத்திலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலோ எழுத்தில் புகார் கொடுங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் சொல்லலாம். தனியாகப் போகத் தயங்கினால் நாலைந்து பேர் சேர்ந்தோ, தொழிற்சங்கம் மூலமாகவோ போங்கள்.

நின்று நின்று வலி வந்துவிட்டதா? சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தால் சிகிச்சை இலவசம். சந்தா செலுத்திய நாட்கள் போதுமானால், மருத்துவர் சான்றளிக்கும் விடுப்புக்கு ஆண்டில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நாள் முழுக்க நிற்கும் வேலை என்பதை மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். குணமாகி அதே இடத்தில் போய் நின்றால் வலி திரும்பத்தான் செய்யும். அதனால் இருக்கை கேட்டு எழுதும் மனுவோடு அந்தச் சீட்டின் நகலையும் இணையுங்கள்.