பழைய மடிக்கணினி வாங்கலாமா?

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டும் பார்ப்பார். மடிக்கணினி வாங்கப் போகிறவரோ, மூடியின் பளபளப்பில் மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்! பிள்ளையின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. ஏமாந்தால் மறுபடி வாங்க வழியில்லாத குடும்பங்களே அதிகம். புதியது வாங்குவதா, கை மாறியது வாங்குவதா?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் செகண்ட் ஹாண்டு மடிக்கணினிகள் ஏராளம். பெரிய கம்பெனிகள் சிப்பந்திகளுக்குக் கொடுத்து, சில ஆண்டுகள் கழித்து மாற்றிவிட்ட கணினிகளும் இப்படிச் சந்தைக்கு வருகின்றன. அலுவலக உபயோகத்துக்கென்றே செய்யப்பட்டவை உறுதியானவை. அதே விலைக்கு வரும் புதுக் கணினி, பல சமயம் வேகம் குறைந்ததாக இருக்கும். ஆகவே, பழையது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், நான்கு விஷயங்களைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது.

வயது என்ன?

விண்டோஸ் 10க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 எல்லாப் பழைய கணினிகளையும் ஏற்பதில்லை. கணினியின் மூளையான பிராசஸர் இன்டெல் செய்ததானால், பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எட்டாம் தலைமுறை வந்தது 2017இல். அதற்கு முந்திய கணினியில் விண்டோஸ் 11ஐ வலிந்து ஏற்றி விற்றால், பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்ற உறுதி இல்லை. பாங்குக் கணக்கைப் பார்க்கும் கணினிக்கு இது ஆபத்து.

பாட்டரி எப்படி?

பாட்டரி ஏற ஏற, இறங்க இறங்கத் தேயும். விண்டோஸ் கணினியிலேயே ‘பாட்டரி ரிப்போர்ட்’ எடுக்கலாம். புதிதில் இருந்த கொள்ளளவும், இன்று ஏறும் அளவும் அதில் தெரியும். 50,000 இருந்த இடத்தில் 25,000 இருந்தால் பாதி ஆயுள் போயிற்று என்று பொருள். புதுப் பாட்டரியின் விலையைக் கழித்தே பேரம் பேச வேண்டும்.

பூட்டு உண்டா?

கணினியைக் கடையிலேயே இணையத்தில் இணைத்துப் பார்ப்பது நல்லது. பழைய கம்பெனியின் பெயரோ, யாருக்கும் தெரியாத கடவுச்சொல்லோ குறுக்கிட்டால் அதைத் தொட வேண்டாம். அந்தப் பூட்டு, எல்லாவற்றையும் அழித்த பிறகும் திரும்ப வரக்கூடும்.

ரசீது எங்கே?

கணினியின் வரிசை எண் குறித்த ரசீது அவசியம். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். மலிவுக்கு ஆசைப்பட்டு வம்பை விலைக்கு வாங்குவானேன்?

எது லாபம்?

சோதிக்கத் தெரிந்த துணையும், விற்பவர் எழுத்தில் தரும் சில மாத உத்தரவாதமும் இருந்தால், படிப்புக்கும் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பழையதே லாபம். துணை இல்லாதவர்களுக்கும், ஒரு நாள்கூடக் கணினி நின்றுவிடக் கூடாது என்பவர்களுக்கும், வழக்கமாக ஓராண்டு உத்தரவாதத்துடன் வரும் புதியதே நல்லது. அதிகம் கொடுப்பது அந்த நிம்மதிக்காகத்தான்.

அரை மணி நேரம் சோதித்துப் பார்க்க விடாத கடைக்காரரிடம் பேரமே வேண்டாம். அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கிறது!