கோச்சை மாத்தினா டீம் ஜெயிச்சிருமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் ராதாபுரத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். ஊர்ல சின்னதா ஒரு பாஸ்கெட்பால் டீம். வரிசையா நாலு மேட்ச் தோத்தாச்சு. டீமுக்குப் பணம் போடுற பெரியவங்க கூடி, கோச்சை மாத்திரலாம்னு பேசிட்டு இருக்காங்க. "அண்ணே, சார் மேலதான் தப்பா? வாரத்துக்கு ரெண்டு நாள்தான் பிராக்டிஸ். அதுவும் ஆடிக் காத்துல பந்து ஒரு பக்கம் போகுது, நாங்க ஒரு பக்கம் போறோம். சாரும் போயிட்டா சொல்லித்தர வேற ஆள் இல்ல"ன்னான்.

அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். எங்க பார்த்தாலும் காத்தாலை. அந்தக் காத்துல திறந்தவெளி கோர்ட்ல மூணு பாயிண்ட் ஷாட் போடுறது கிட்டத்தட்ட லாட்டரி. ஆனா தம்பியோட கேள்வி ராதாபுரத்துக்கு மட்டும் உரியது இல்லை. நம்ம இந்திய ஆண்கள் அணிக்கும் இதே கேள்விதான்.

ஒரே கோச், ரெண்டு ரிசல்ட்

2014 ஜூலை. சீனாவின் வூஹான் நகரில் ஃபிபா ஆசியக் கோப்பை. இந்தியா, சீனாவை அவங்க மண்ணிலேயே 65-58 என்று ஜெயித்தது. கோச், அமெரிக்காவின் ஸ்காட் ஃபிளெமிங்.

இப்போ 2025 ஆகஸ்ட். சவூதியின் ஜெட்டாவில் ஃபிபா ஆசியக் கோப்பை. அதே சீனாவிடம் இந்தியா 69-100 என்று தோற்றது. கோச் யாரு? 2015-ல் கிளம்பிப் போய், 2024-ல் திரும்ப வந்த அதே ஃபிளெமிங்!

ரெண்டே மேட்ச்சை வெச்சு தீர்ப்பு எழுதக் கூடாதுதான். பதினோரு வருஷத்துல ரெண்டு பக்கமும் டீம் மாறியாச்சு. ஆனா நம்ம பாயிண்டும் அதுதான். கோச் அதே ஆள். மாறினது அவர் கையில் கொடுக்கப்பட்ட டீம்.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். 2017-ல் லெபனானில் நடந்த ஆசியக் கோப்பையில் கோச் ஃபில் வெபர். 2022-ல் ஜகார்த்தாவில் வெசெலின் மாட்டிச். ஈரானை 2009-ல் ஆசிய சாம்பியன் ஆக்கியவர். 2025-ல் ஃபிளெமிங். மூணு கோச், மூணு டோர்னமெண்ட். ஒவ்வொன்றிலும் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஆளை மாத்திக்கிட்டே இருந்தும் ரிசல்ட் மாறலேன்னா, கோளாறு அந்த நாற்காலிக்கு வெளியே இருக்குன்னு அர்த்தம்.

அப்போ வெளியே என்ன இருக்கு?

2010-ல் பாஸ்கெட்பால் ஃபெடரேஷன், ஐஎம்ஜி ரிலையன்ஸுடன் 30 வருஷ ஒப்பந்தம் போட்டது. வெளிநாட்டு கோச் வந்தாங்க. ஆனா எல்லாரும் எதிர்பார்த்த அந்தப் பெரிய தொழில்முறை லீக் வரவே இல்லை. 2015-ல் ஃபெடரேஷனே ரெண்டாப் பிரிந்து, ரெண்டு தரப்பும் 'நாங்கதான் நிஜம்'னு நின்னது. அதே வருஷம் யூபிஏன்னு தனியார் லீக் ஒண்ணு தொடங்கி, 2017-க்குப் பிறகு நடக்கவில்லை. 2022-ல் ஐஎன்பிஎல் வந்தது.

லீக் இதில் எதுக்கு? நம்ம முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் ரயில்வே, ஐஓபி மாதிரி நிறுவன அணிகளில் ஆடுறவங்க. மாசத்த சம்பளம் வரும்; அது நல்ல விஷயம். ஆனா பிரஷர்ல கடைசி ரெண்டு நிமிஷம் ஆடுற பழக்கம், வாரா வாரம் கடுமையான மேட்ச் ஆடினாத்தான் வரும். சில வார கேம்ப்ல எந்தக் கோச்சாலும் அதை ஊட்டிவிட முடியாது.

கோச்சுக்குப் பொறுப்பே இல்லையா?

நிச்சயமா இருக்கு. யாரை எப்போ இறக்குறது, டைம்அவுட் எப்போ எடுக்கிறது, டிஃபென்ஸ் எப்படி நிக்கணும், ஃப்ரீ த்ரோ பயிற்சி எவ்வளவு: இதெல்லாம் கோச் கணக்கு. ஜெட்டாவில் ஜோர்டானுடன் நாற்பது நிமிஷமும் சரிசமமா ஆடி, ஓவர்டைமில் 84-91 என்று தோத்தோம். அந்த மாதிரி மேட்ச்சில் கோச்சைக் கேள்வி கேட்கலாம், கேட்கணும். 31 பாயிண்ட்ல தோத்த மேட்ச்சுக்கு ஒரு டைம்அவுட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

என்பிஏவிலும் இதேதான். சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸுக்கு 5 சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்த கிரெக் போபோவிச், 2023-24 சீசனில் 82 ஆட்டத்தில் ஜெயித்தது 22 மட்டும். அவருக்கு பாஸ்கெட்பால் மறந்தா போச்சு? டீம் புதுசா, இளசா இருந்தது. நிர்வாகம் அதைப் புரிஞ்சுக்கிட்டதால அவர் வேலையில் கை வைக்கலை.

ஆனா புது கோச் வந்ததும் சில டீம் ஜெயிக்குதேன்னு கேப்பீங்க. தொடர்ந்து தோற்கிற டீம், ரொம்ப மோசமான கட்டத்தில்தான் கோச்சை மாத்தும். அதுக்கு அப்புறம் கொஞ்சம் ஏறுறது, ஆளை மாத்தாமலே கூட நடந்திருக்கலாம். காய்ச்சல் தானா இறங்குற நாளில் மருந்து குடிச்சிட்டு, மருந்தைப் புகழ்ற மாதிரி.

தம்பிக்கு மூணு கேள்வி

ஒண்ணு: இதுக்கு முன்னால இருந்த கோச் காலத்திலும் இதே மாதிரிதான் தோத்தீங்களா? ஆமான்னா, முதல்ல நிர்வாகத்தைப் பாருங்க.

ரெண்டு: இதே பசங்க, இதே வசதியோட, போன வருஷம் நல்லா ஆடினாங்களா? ஆமான்னா, கோச்சிடம் உட்கார்ந்து பேசுங்க.

மூணு: தோல்வி எத்தனை பாயிண்ட்ல? ரெண்டு, மூணுன்னா கடைசி நிமிஷ முடிவுகளை அலசுங்க. இருபது, முப்பதுன்னா பிராக்டிஸ் நாளை எண்ணுங்க.

பெரியவங்க கூட்டம் போடுறப்போ, இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போ தம்பி. கூடவே ஒரு வார்த்தை சொல்லு: புது கோச்சுக்குக் கொடுக்கப் போற பணத்துல, பக்கத்துல எங்கயாவது உள்ளரங்க கோர்ட்டை வாரத்துக்கு ஒரு நாள் வாடகைக்குப் பிடிக்க முடியுமான்னு கேளு. ஆடிக் காத்தை நிறுத்த எந்தக் கோச்சாலும் முடியாது. கூரைக்கு ஏற்பாடு பண்ண நிர்வாகத்தால முடியும்.

அடுத்த வாரம் பார்ப்போம். வர்றேன்.